மேலே வெந்நீர்

அம்மா, மூட்டுவலி குறைந்ததா? முசுக்கட்டைப் பழம் காய்ந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று தியான்ஷான் மலையில் நல்ல மழை. மலையிலிருந்து வந்த குளிர்ந்த சேற்றுநீர் அணையின் மேல்நீரோடு கலக்காமல் அடியில் புகுந்து மீன்கூண்டைச் சூழ்ந்தது. மீன் சாகாமலிருக்கக் கூண்டைத் தூக்கினால், கயிறு அடியில் சிக்கிக்கொண்டது. முதலாளி படகிலிருந்தே மேல்நீரில் கையை விட்டுப் பார்த்து, "வெந்நீராட்டம் இருக்குடா! குதிச்சு சிக்கை எடு" என்றார். நம்மூரிலிருந்து என்னோடு வந்த எர்கஷ் குதித்தான். சிக்கை எடுத்தான், ஆனால் அடிக்குளிரில் விறைத்து மேலே வரவில்லை. "மொதல்ல கூண்டை ஏத்துங்கடா, மீன் செத்துடும்!" என்றார் முதலாளி. ஏற்றினோம். மீன்கள் பிழைத்தன.

இனி குதிப்பது நான்தான். கம்பளிப் பனியன் அனுப்புங்கள். முதலாளி கத்துகிறார், போகவேண்டும். ஊரைவிட்டுக் கிளம்பும்போது, திரும்பி வந்து தின்பதற்காக ஆளுக்கொரு ரொட்டியை ஒரு கடி கடித்து அவரவர் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்தோமே. என்னுடையதை எலி அண்டாமல் பாருங்கள். எர்கஷுடையதைக் கழற்றிவிடும்படி அவன் அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் நார்போத்தா