வக்கீலம்மாவின் மூலை

பிப்ரவரி 2

பேத்தி ஆம்புலன்ஸ் ஓட்டுகிற வேலைக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டாள். இன்று சாப்பாட்டு மேசையில் தம்ளர்களைப் பரப்பி எனக்கு விளக்கினாள். ஜனாதிபதி தேர்தலில் தங்கள் சார்பில் யார் நிற்பது என்று கட்சிக்காரர்களே முதலில் முடிவு செய்ய வேண்டுமாம். அதற்கு மாநிலம் மாநிலமாகக் கூட்டம். எங்கள் வட்டாரத்தில் ஓட்டுச் சீட்டெல்லாம் கிடையாது. பிடித்த ஆளின் படம் மாட்டிய மூலையில் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். போதிய ஆள் சேராத மூலை கலைந்துவிடும். தேறிய மூலைக்காரர்கள், ஆளை முடிவு செய்கிற கட்சியின் தேசிய மாநாட்டுக்கு ஒருவரை அனுப்பலாம். போட்டியில் பெரிய ஆட்கள் ஒரு வக்கீலம்மாவும் ஒரு மில்காரரும்; இவள் வக்கீலம்மா பக்கம்.

“வக்கீலம்மா மூலை தேறிச்சுன்னா நான்தான் பாட்டி போறேன்.”

எங்கள் வம்சத்தில் தெருச் சங்கத்துக்குக்கூட யாரும் போனதில்லை. ஐந்தாவதோடு நின்ற எனக்கே புரிகிற மாதிரி சொல்கிறாள். இவள் போகாமல் வேறு யார் போவது?

பிப்ரவரி 5

முட்டி வலி. “நீ வரலைன்னாலும் பரவாயில்ல” என்கிறாள். நல்லா இருக்கு! தவழ்ந்தாவது போவேன்.

பிப்ரவரி 7

நேற்று கூட்டம் முடிந்து வந்து எழுத முடியவில்லை.

பள்ளிக்கூட ஹால். எள் போட்டால் விழாத கூட்டம். நின்று நின்று முட்டி விட்டுப்போனது. சுவரோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்துக் கடைத் தையற்காரர், “உக்காருங்கம்மா” என்றார். உட்கார்ந்தேன். மணி அடித்தார்கள். ஒருவர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார், என்னையும் தொட்டார். நான் ஹால் முழுக்க எண்ணுகிறார்கள் என்றல்லவா நினைத்தேன்?

வக்கீலம்மா மூலைக்கு ஒரு ஆள் குறைவு என்று மைக்கில் சொன்னார்கள். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு மேலே மில்காரர் படம்!

எழுந்து ஓடப் பார்த்தேன். கூட்டத் தலைவர் விடவில்லை. “தேறின மூலையில எண்ணினவங்க மாறக் கூடாதும்மா. விதி.” தையற்காரர் பாவம், மில்காரர் ஆள்தான், ஆனாலும் எனக்காக வாதாடினார். “கால் வலிக்குதேன்னு உக்காந்தவங்கய்யா அவங்க! அது ஓட்டா?” தலைவர் அசையவில்லை.

அடி பாவி, பெற்ற பிள்ளையின் பிள்ளைக்கு நானே குழி வெட்டினேனே — அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஒரே ஒரு வழிதான் பாக்கி. வாத்தியார் ஒருவரும் போட்டியில் இருந்தார். அவர் மூலையில் பத்துப் பேர்கூட இல்லை, கலைந்துவிட்டது. மறுபடி எண்ணுவதற்குள் அந்த ஆட்களில் ஒருவரையாவது இவள் பேசி இழுக்க வேண்டும். அவர்களில் ஒருவரான குழாய் ரிப்பேர்க்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிடுமூஞ்சி. வந்தவர்களையெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்: “உங்க ஆளு ஜெயிப்பாரா?” மில்காரர் ஆட்கள் “எழுதி வெச்சுக்கங்க, கண்டிப்பா!” என்றார்கள்.

என் பேத்தி சொன்னது: “தெரியாதுண்ணே. இங்க மில்காரருக்குத்தான் செல்வாக்கு. ஆனா மாநிலம் மாநிலமா எண்றதால, மத்த மாநிலங்கள்ல பிடிச்சிடலாம்னு நம்புறேன்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த நேரத்திலா அரிச்சந்திரி வேஷம்?

அந்த மனுஷர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இந்த ஹால்லயே புளுகாத ஆளு நீ ஒருத்திதாம்மா” என்று அவள் பக்கம் போய் நின்றார். அவர் மனைவி நேராக நான் உட்கார்ந்திருந்த மில்காரர் மூலைக்கு வந்தாள். “வீட்ல ஒரே பக்கமா நின்னு நின்னு அலுத்துப்போச்சு” என்றாள்.

மறுபடி எண்ணினார்கள். தேறிவிட்டது. எதிரி மூலையில் உட்கார்ந்து கை தட்டிய ஒரே கிழவி நான்தான்.

வண்டியில் இவள் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தாள். திட்டிவிட்டாலாவது பாரம் இறங்குமே என்றிருந்தேன். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “எதிரணித் தலைவியே, இறங்குங்க!”

அப்பாடா.

ஜூலை 19

மாநாடு. தையற்கடை டிவியில் பார்த்தோம். ஒவ்வொரு மாநிலமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, அந்தந்த மாநிலத்தவர் எழுந்து யாருக்கு எத்தனை என்று சொன்னார்கள். எங்கள் மாநிலத்தில் மில்காரருக்கே நிறைய. வக்கீலம்மாவுக்கு விழுந்த சொற்பத்தில் ஒன்று என் பேத்தியுடையது. கும்பலில் அவள் மஞ்சள் சட்டை ஒரு நொடி தெரிந்தது. “அதோ! அதோ!” என்று நான் கத்துவதற்குள் மாறிவிட்டது. முதல் சுற்றில் யாருக்கும் பாதி சேரவில்லை. நாளை மறுபடியாம்.

ஜூலை 20

வக்கீலம்மாதான்! மற்ற மாநிலங்கள் கை கொடுத்துவிட்டன. தையற்காரர் டிவியை அணைத்துவிட்டு, “சரி, இனிமே இவங்கதான் நமக்கும்” என்றார்.

ஜூலை 23

தொண்டை கட்டிப்போய் வந்து சேர்ந்தாள். காற்றுதான் வருகிறது, பேச்சு வரவில்லை. திங்கட்கிழமை முதல் வீடு வீடாகக் கதவு தட்டப் போகிறார்களாம், எதிர்க்கட்சி ஆளை ஜெயிக்க. ஒத்திகைக்கு என் அறைக் கதவைத் தட்டினாள். “பாட்டி, உங்க ஓட்டு யாருக்கு?” என்று காற்றுக் குரலில் கேட்டாள்.

“பெரிய தேர்தல்ல திரைக்குப் பின்னாடிதானே போடணும்? சொல்ல மாட்டேன், போடி” என்றேன்.

சத்தம் வராமலே சிரித்தாள். சிரித்தபடி என் கட்டிலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். காலணியைக்கூடக் கழற்றவில்லை. நான்தான் கழற்றினேன்.