ஆறு ஸ்பாஞ்சு வட்டுகள்

தென்காசி
5-9-89

அன்பு மகன் கடற்கரைக்கு அம்மா எழுதிக்கொள்வது. காசி விசுவநாதர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தச் சார்ஜா வெயில் உன் உடம்புக்கு ஒத்துப்போய் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே ஆவணி பாதி போயும் சாரல் விடவில்லை, ஐந்தருவியில் கூட்டம் குறையவில்லை, ஒரு சேலை காய மூன்று நாள் ஆகிறது. உன் தங்கை விஜயத்துக்கு இது ஆறாம் மாதம், மசக்கை நின்றுவிட்டது, சுரண்டையிலிருந்து ஆள் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடச் சொன்னாள், கொடுத்துவிட்டேன்.

நீ கொடுத்தனுப்பிய பெட்டியை உன்னோடு வேலை பார்க்கிற ரஹ்மத் ஊருக்கு வந்த மறுநாளே கடையநல்லூரிலிருந்து சுமந்துகொண்டு வந்து கொடுத்தார். பாலிஷ் மிஷின், ஆறு ஸ்பாஞ்சு வட்டு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நீ எழுதிய நாலு பக்கம், எனக்குத் தைலம், எல்லாம் சேதமில்லாமல் வந்து சேர்ந்தன. மிஷினின் பிளக்குக் கால் சதுரமாக இருந்ததால் நம் வீட்டுச் சுவரில் நுழையவில்லை, வெட்டிவிட்டு வேறு மாட்டினோம். அப்பா அதை எடுத்தாரா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய், நான் பதில் போடவில்லை. முதலில் எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை, பிறகு எழுத முடியாதபடி ஒன்று நடந்துவிட்டது. இப்போது எழுதலாம்.

உன் நாலு பக்கத்தையும் அப்பா படிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் பஞ்சைத் தேய்க்கப் பாடம் படிக்கணுமா என்று சொல்லிவிட்டார், நான் அதை எடுத்து டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தேன். அப்போதுதான் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிற ராமசேஷன் அவருடைய கறுப்பு அம்பாசிடரைக் கொண்டுவந்து விட்டார். மகள் அகிலாண்டேஸ்வரிக்குப் போன வெள்ளிக்கிழமை கல்யாணம், வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, அதற்கு இந்தக் கார்தான். முன்பு அப்பாவே பெயிண்ட் அடித்த வண்டி, இந்தத் தடவை பாலிஷ் மட்டும் போதும். திங்கட்கிழமை காலையில் அப்பா மஞ்சள் வட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். காம்பவுண்டு என்கிற அந்தப் பாலிஷ் மருந்தைச் சோற்றுக்குக் குழம்பு ஊற்றுகிற மாதிரி ஊற்றினார். கூரைக்கும் அதே வட்டு, நாலு கதவுக்கும் அதே வட்டு. பழைய காம்பவுண்டும் தேய்ந்துவந்த பெயிண்டும் அதற்குள்ளே போய்க் காய்ந்து வட்டு மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது, தேயவில்லை என்று அப்பா மேலும் அழுத்தினார். பானட்டின் முன்னோரத்துக்கு வந்தபோது ஒரு கருகல் வாடை வந்தது, பசை உருகி வட்டு மிஷினிலிருந்து கழன்று பறந்து பக்கத்து வீட்டு வடிவம்மாளின் ஆட்டுத் தொட்டியில் போய் விழுந்தது. ஆடு மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டது.

அப்பா சுவிட்சை அணைத்தார், கையைக் கழுவினார், வீட்டுக்குள் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பானட் ஓரத்தில் என் ஆள்காட்டி விரல் நீளத்துக்குக் கறுப்பு போய் உள்ளே இருக்கிற சிவப்புப் பூச்சு தெரிந்தது. மற்ற இடமெல்லாம் வெளிச்சத்தில் வளையம் வளையமாகக் கோடு. சாப்பிடக் கூப்பிட்டேன், பசியில்லை என்றார். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கே படித்துக்கொள்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன். ஓரங்களில் பெயிண்ட் மெலிசாக இருக்கும், டேப் ஒட்டிக்கொண்டு மிஷினைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் அது எனக்குத் தெரியும் என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னார். நான் மேலே படித்தேன். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் வட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யணும், சூடேறினால் மாற்றிவிடணும் என்கிற இடத்தில் என் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்புறம் "அந்த எடத்த மறுக்கா படி" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் குற்றாலம் கிளம்பினார். சரிபண்ணிவிட்டு அப்புறம் சொல்லலாமே என்றேன். "கல்யாணக் காரு, ஒளிச்சுக் குடுக்க மாட்டேன்" என்றார். ராமசேஷன் திட்டவில்லையாம். எதற்கும் சிவகிரியிலிருந்து வேறு வண்டிக்குச் சொல்லி வைக்கிறேன் என்று மெதுவாகச் சொல்லி, காப்பியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். திட்டியிருந்தால் அப்பா அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார்.

வந்ததும் அந்த ஓரத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தார், சாரல் ஈரத்தில் சாம்பல் தடவின மாதிரி வெளுத்துவிட்டது. தின்னர் போட்டு அதைத் துடைத்தெடுத்துவிட்டு, ஷெட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, உள்ளே கரியடுப்பு வைத்து ஈரத்தை ஓட்டி, அடுப்பை வெளியே கொண்டுபோய் அணைத்த பிறகு மறுபடி அடித்தார், நின்றது. ஷெட்டில் திறந்தே கிடந்த மற்ற வட்டுகளிலும் தேய்த்த தூசி படிந்திருந்ததால், நான் அதற்குள் எல்லா வட்டுகளையும் கழுவினேன். நீ எழுதியபடியே வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டு, முறுக்காமல் உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி அழுக்குப் போகும்வரை அலசினேன். ஆட்டுத் தொட்டியில் விழுந்தது தேறவில்லை. காயவைப்பதுதான் பாடு, இந்தச் சாரலில் எதுவும் காயாது. அவசரத்தில் கறுப்பு வட்டு ஒன்றை அடுப்பங்கரை மேடையில் வைத்தேன், பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. அது என் தப்பு, அப்பா கணக்கில் போடாதே. மீதி நாலையும் ஃபேனுக்கு அடியில் கொடிகட்டி, தூசி விழாமல் மேலே என் பழைய சேலையை விரித்து விடியவிடிய காயவைத்தேன், நாங்கள் ஃபேன் இல்லாமல் படுத்தோம்.

புதன்கிழமை நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு கதவு முடிந்ததும் அப்பா மிஷினை நிறுத்தி நீட்டுவார், நான் வட்டைக் கழற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வேறு வட்டு மாட்டிக் கொடுப்பேன். காம்பவுண்டு நாலு பொட்டு, அதற்கு மேல் இல்லை. மிஷினை முதலில் மெதுவாக ஓடவிட்டார், அழுத்தவில்லை, படுக்கையாகவே பிடித்தார். ஒரு வட்டு கைதவறி மண்ணில் விழுந்தது, நான் ஊதிவிட்டு மாட்டப் போனேன், மணல் ஒன்று இருந்தாலும் கீறிவிடும், கழுவாமல் மாட்டாதே என்று அப்பாதான் தடுத்தார். அது உன் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் நான் சொல்வதற்கு முன்னாலேயே புறங்கையை வட்டில் வைத்துச் சூடு பார்த்தார். புதிதாக அடித்த இடத்தில் மட்டும் மிஷினை வைக்காமல் துணியால் கையாலேயே தேய்த்தார். கடைசியாக மிஞ்சியிருந்த இன்னொரு கறுப்பு வட்டைப் போட்டு முடித்தபோது கதவில் வடிவம்மாளின் ஆடு தெரிந்தது, அதன் தாடியில் இருந்த வைக்கோலும் தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் ராமசேஷன் வந்தார். அவர் வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அப்பா அவரைப் பானட் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குனியச் சொல்லி, இந்த இடந்தான், நிறம் ஒரு மயிரிழை மாறியிருக்கிறது என்று காட்டினார். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இங்கதானே பூக்கார வல்லிநாயகத்தோட மாலை தொங்கப்போறது" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். சிவகிரி வண்டி வேண்டாம் என்று இங்கிருந்து போகிற வழியிலேயே சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை அழைப்பில் ஒரே ஒரு கஷ்டம், பானட்டில் பூக்காரர் ஒட்டிய டேப் வழவழப்பில் நிற்கவில்லை, பூவெல்லாம் இரண்டு தடவை சரிந்து தெருவில் விழுந்ததாம், கடைசியில் நூல் போட்டுக் கட்டினார்களாம். இதை ஒருவர் வந்து சொன்னதும் அப்பா அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

நீ ராத்திரி எந்நேரமும் கடைப் பரோட்டாவே சாப்பிடுவதாக ரஹ்மத் சொன்னார், அது வயிற்றைக் கெடுக்கும், ஒரு வேளையாவது கஞ்சி வைத்துக் குடி. பாலிஷ் தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள். முப்பிடாதி அம்மன் உன்னைக் கண் போலக் காக்கட்டும், நோய்நொடியில்லாமல் பல்லாண்டு இரு.

இன்னொன்று. நீ அங்கே கிளம்பிப் போனதில் அப்பாவுக்கு இருந்த வருத்தம் உனக்குத் தெரியும், அதனால்தான் மூன்று வருஷமாக உன் கடிதமெல்லாம் என் பெயருக்கே வருகிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார். ஒரு வட்டு எத்தனை வண்டிக்குத் தாங்கும், ஓரம் பிய்ந்துபோனால் போட்டுவிட வேண்டியதுதானா, அவனிடம் கேள் என்றார். எனக்கு இதெல்லாம் விளங்காது, நீங்களே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு நன்றாகவே விளங்கும். நீ பதிலைத் தனிக் கவரில் போடு, மேலே அப்பா பெயரை எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
வ. கோமதியம்மாள்