சுதனின் குரல்தானா

செவ்வாய், இரவு.

அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

முன்பள்ளியில் வழக்கம்போல் பால்மா டின்னில் தாளம் தட்டினேன். "பஸ்ஸு வருது, பஸ்ஸு வருது" என்று நான் பாடி நிறுத்தினால், பிள்ளைகள் கை தட்டி "ஏறிக்கோ!" என்று கத்த வேண்டும். நாலு வயதாகியும் ஒரு சொல் பேசாத சுதனும் இன்று தட்டினான். வாய் அசைந்தது. "ஏறிக்கோ" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது.

பகலில் அவனைக் கூட்டிப்போக வந்த அவன் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் புசல்லாவை ரோட்டோரத்திலேயே குந்தி, "சாமி, அம்மாவுக்கும் ஒருக்கா சொல்லு" என்று கெஞ்சினார். அவன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

"பரவால்ல டீச்சர். நாளைக்கு தோட்டத்துல கொழுந்து பறிக்கப் போகாம வந்து கேக்குறேன்" என்று கண்ணைத் துடைத்தார்.

எனக்கு ஏன் இந்த அவசரம்? அத்தனை பிள்ளைகளும் சேர்ந்துதானே கத்தினார்கள். பக்கத்தில் இருந்த நிஷாவின் குரலும் மெல்லியதுதான். வாய் அசைந்ததைப் பார்த்தேன், அது நிச்சயம். குரல்?

நாளை மற்றப் பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, அவனுக்காக மட்டும் தட்ட வேண்டும். அவன் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, அந்த "ஏறிக்கோ"வுக்கு முன்னால் கையை நிறுத்த எனக்குத் தைரியம் வருமா தெரியவில்லை.