பட்டிமன்றத்தில் சொன்ன பொய்

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
மே 20

அன்பு மகள் வீணாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீ நலம் என்பதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே பார்த்தோம். இருந்தாலும் விசாரிக்காமல் கடிதம் தொடங்க எனக்கு வராது. வியாழக்கிழமை உன் தோழி தீபிகா அங்கே லீட்ஸுக்குத் திரும்புகிறாள். அவளிடம் இதையும் இட்லிப் பொடியையும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ நான்கு கேள்வி கேட்பாய், நடுவில் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். கடிதத்தில்தான் எனக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. ஐ.டி.ஐ.யோடு படிப்பை நிறுத்தியவனுக்கு இந்தச் சலுகையாவது வேண்டாமா?

இங்கே மூன்று நாளாக மழை. நம் சந்தில் தண்ணீர் படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். டாக்டர் நடக்கச் சொல்கிறார், அம்மா டாக்டரை நடக்கச் சொல்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மே தினப் பட்டிமன்றத்தில் அப்பா ஜெயித்தார் என்று அங்கே எல்லோரிடமும் சொன்னாயாம். அதற்குப் பிறகு நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை.

தடையில்லா வணிகம் தொழிலாளியை உயர்த்துகிறதா, தாழ்த்துகிறதா என்பது தலைப்பு. பீன்யா தொழிற்பேட்டையில் மோட்டார் காயில் சுற்றிப் பிழைக்கிறவர்களில் உயர்த்துகிறது என்று பேச எவன் வருவான்? ஒருவரும் வரவில்லை. நடுவர் ஞானம்மாள் டீச்சர், அசோகனுக்கு வாய் இருக்கிறது, எந்தப் பக்கம் நிறுத்தினாலும் பேசும் என்று என்னை நிறுத்திவிட்டார். நீ படிக்கிற பொருளாதாரத்திலிருந்து ஏழு பக்கம் வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். இரண்டு பக்கம் புரிந்தது. அந்த இரண்டுக்கே மேடை போதவில்லை.

சந்தை யாரையும் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் முதலில் எடுத்தேன். உன் தாத்தாவுக்குக் குடியாத்தம் பக்கத்து டீக்கடையில் தனி டம்ளர். கோலார் தங்கவயலுக்கு வந்து சம்பளம் வாங்கி, ஹோட்டலில் காசு வைத்த பிறகுதான் எல்லோருக்கும் ஒரே டம்ளர் என்றேன். கூட்டம் கைதட்டியது. எதிர்க்கட்சியில், என்னோடு கம்பெனியில் வேலை பார்க்கும் நம் சவரிமுத்து மாமா. அவர் எழுந்து, "டம்ளர் ஒண்ணுதான் மச்சான், உள்ள டீ இருக்கணும்ல?" என்றார். தங்கத்தையே வெளியில் மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்று சுரங்கத்தை மூடினார்கள், நம் மோட்டார் எம்மாத்திரம் என்றும் கேட்டார். கைதட்டல் அந்தப் பக்கம் போய்விட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. உன் காகிதத்தில் இல்லாத ஒன்றை அங்கேயே எடுத்து விட்டேன். "இருபத்தாறு வருஷமா மிக்சி மோட்டார் சுத்தறேன். என் வீட்டு மிக்சி எது தெரியுமா? வெளிநாட்டு மோட்டார். விலையும் கம்மி, சத்தமும் கம்மி. நான் சுத்துனதை நானே வாங்கலை!" என்றேன். பந்தலே சிரித்தது. முன்வரிசையில் முதலாளி சேஷகிரி சார். பந்தலும் பிரியாணியும் அவர் செலவு என்பதால் சிறப்பு விருந்தினர். அவர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். தீர்ப்பு என் பக்கம். ஒரு டிபன் பாக்ஸ் பரிசு.

நம் வீட்டு மிக்சி எது என்று உனக்குத் தெரியும். நீ ஹைஸ்கூலில் சேர்ந்த வருஷம் கம்பெனியில் வாங்கியது. அதன் காயிலைச் சுற்றியதே நான்தான். கைதட்டலுக்காக அதை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து எங்களை ஒன்றாகக் கூப்பிட்டார்கள். இனி மோட்டார் இங்கே செய்யப் போவதில்லை, கப்பலில் ரெடியாக வரும், பெட்டியில் போட்டால் போதும், அதற்குப் பத்துப் பேர் போதும், மற்றவர்கள் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துப் போடலாம் என்றார் சேஷகிரி சார். பிறகு என்னைக் காட்டி, "நம்ம அசோகனே அவர் சுத்தற மோட்டாரை வாங்கறதில்ல. கஸ்டமர் ஏன் வாங்கணும்?" என்றார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சவரிமுத்து மாமா அன்றிலிருந்து மெட்ரோவில் வேறு பெட்டி ஏறினார்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் மிக்சியைத் துடைத்து என் முன்னால் வைத்தாள். மறுநாள் அதைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். மெட்ரோ ஸ்டேஷனில் செக்யூரிட்டி, ரிப்பேருக்கா என்று கன்னடத்தில் கேட்டான். இல்லை, சாட்சி சொல்ல வந்திருக்கிறது என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்து விட்டுவிட்டான். சார் மேஜையில் வைத்து, பிளக்கைச் சொருகி ஓட விட்டேன். பதினாலு வருஷம் சார், கார்பன் பிரஷ் மாற்றியதோடு சரி, நான் மேடையில் சொன்னது பொய் என்றேன். அவர் கெட்டவர் இல்லை வீணா. கொஞ்ச நேரம் அது ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அசோகன், பிரச்சினையே அதுதான். பதினாலு வருஷமா நீங்க இன்னொண்ணு வாங்கவே இல்லையே" என்றார்.

உன் ஏழு பக்கத்தில் இதற்குப் பதில் இருந்ததா என்று அன்று ராத்திரி தேடிப் பார்த்தேன். எனக்குப் புரியாத ஐந்து பக்கத்தில் இருந்தாலும் இருக்கலாம்.

பிறகு அவரே காபி வரவழைத்து, உங்கள் பேச்சு நல்ல பேச்சு, சனிக்கிழமை அத்திபெலேயில் இருக்கும் நம் இன்னொரு யூனிட்டிலும் அதையே பேசுங்கள், அங்கேயும் ஆட்களைக் குறைக்க வேண்டியிருக்கிறது, நீங்கள் சிரிக்க வைத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள் என்றார். பேசினால் எனக்கு இங்கே ஸ்டோரில் வேலை. ரிட்டயர் ஆகும் வரைக்கும் உட்கார்ந்தே பார்க்கிற வேலை. சரி என்றுதான் சொன்னேன். உன்னிடம் மறைக்கப் போவதில்லை. உன் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம், அம்மாவின் முழங்கால், என் வயது ஐம்பத்து நான்கு, எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சரியைச் சொன்னது.

அத்திபெலேயில் நாற்பது பேர் இருந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். டம்ளர் கதையைச் சொன்னேன். அது உண்மை, அதை நான் என்றைக்கும் விட மாட்டேன். மிக்சி கதைக்கு வந்ததும் வாய் வரவில்லை. என் வீட்டில் ஓடுவது நம் மோட்டார்தான், நன்றாகவே ஓடுகிறது, இவர்கள் நம்மை வீட்டுக்கு அனுப்புவது நம் வேலையில் குறை கண்டு அல்ல என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு மோசமாக நான் எந்த மேடையிலும் பேசியதில்லை. ஒரு கைதட்டல் இல்லை. மகா என்ற பெண் மட்டும் எழுந்து, "அப்ப நாங்க கையெழுத்து போடலாமா, வேணாமாண்ணே?" என்று கேட்டாள். பட்டிமன்றத்தில் என்றால் தீர்ப்புச் சொல்ல நடுவர் இருப்பார். தெரியலைம்மா என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஸ்டோர் வேலையும் என்னோடு சேர்ந்து இறங்கிவிட்டது.

நேற்று மெட்ரோவில் சவரிமுத்து மாமா என் பெட்டியில் ஏறினார். அத்திபெலே சேதி அவர் காதுக்கும் வந்திருக்கும், யஷ்வந்த்பூரில் இடம் காலியானதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "அன்னிக்கே இதைப் பேசியிருந்தா என் கட்சி ஜெயிச்சிருக்கும். அந்த டிபன் பாக்ஸைக் குடுத்துடு" என்றார். நாளை கொடுக்கப் போகிறேன்.

நான் இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். தீபிகாவின் அம்மா வழியாக எப்படியும் உன் காதுக்குப் பாதிக் கதை வரும். நீ அனுப்பிய பாயிண்ட்தான் இப்படிச் செய்துவிட்டது என்று நினைத்துவிடாதே. உன் இரண்டு பக்கத்திலும் ஒரு தப்பும் இல்லை. மிக்சி ஜோக் என்னுடையது. நான் அதைச் சொல்லாமல் இருந்திருந்தாலும் கப்பல் வந்திருக்கும். அவர்கள் சொல்ல வேறு ஒருவனுடைய வார்த்தை கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டுக் கிளம்பி வர டிக்கெட் தேடாதே. படிப்பை முடி. அங்கே உன் வாத்தியார்களோடு நன்றாகச் சண்டை போடு. எந்தப் பக்கம் பேசினாலும் அப்பாவுக்குச் சம்மதம், உண்மையாகப் பேசு.

பொடி அந்த மிக்சியில் அரைத்ததுதான். காரம் தூக்கலாக இருந்தால் அம்மாவைக் கேள், மோட்டாரைக் குறை சொல்லாதே. இன்னொன்று. நீ எப்போதும் என் ஷிப்ட் பார்த்து, மணிக்கணக்குப் போட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போன் செய்வாய். ஒன்றாம் தேதியிலிருந்து அது வேண்டாம். எந்த நேரம் வேண்டுமானாலும் கூப்பிடு. அப்பா வீட்டில்தான் இருப்பேன்.

நீ நல்லா இருக்கணும்.

உன் அப்பா,
அசோகன்