ரோமாபுரிச் சக்கரவர்த்தி செல்வநாதன்

ராயபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜூடிக்கு அம்மா எழுதுறது. மாதா புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் சொகமா கீறோம், அந்த அயர்லாந்து குளிர்ல நீயும் சளி கிளி இல்லாம இருப்பேன்னு நம்புறேன். தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க நைனா வாயத் தொறக்காம கையாலயே பேசிக்கினு இருந்தது உனக்குத் தெரியும். டாக்டர் பேசலாம்னு சொல்லி மூணு மாசம் ஆயும், குரல் கரகரன்னு வருதுன்னு வெக்கம். முப்பது வருஷம் ஹார்பர்ல ஆளுங்களை அதட்டி வேலை வாங்கின மனுஷன், பூசையில கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்குவாரு. இப்பிடியே ஊமையாப் போயிடுவாரோன்னு எனக்குத் தூக்கமே இல்ல.

போன மாசம் பக்கத்து வூட்டு நவ்ரீன் வந்தா, காலேஜ்ல சினிமா படிக்கிறாளே, அவதான். ரோமாபுரி ராஜாங்க கப்பல் ஏறிப் புதையல் தேடப் போற பழைய படங்க வருமில்ல, அதையெல்லாம் கிண்டல் பண்ணி ஒரு காமெடிப் படம் எடுக்கறாளாம். ராஜாவுக்குப் போத்த பெட்ஷீட் கேட்டு வந்தவ நைனா மூக்கைப் பார்த்துட்டு, அங்கிள், நீங்கதான் எங்க சக்கரவர்த்தி, வேஷம் போட இருந்த மாரியப்பனுக்கு மணலி கம்பெனியில ஷிப்டு மாறிடுச்சு, நீங்க சும்மா உக்காந்தாப் போதும், குரல் வேற ஆள் குடுப்பாங்கன்னா. எப்பிடித்தான் தலையாட்டினாரோ!

எண்ணூர் கடற்கரையில ஷூட்டிங். பிளாஸ்டிக் குடத்தை வெட்டிக் கிரீடம், அதுக்கு மேல ஒரு தொடப்பம். நம்ம பூப்போட்ட பெட்ஷீட்டைப் போத்திக்கினு அவரு உக்காந்திருந்ததைப் பார்த்து நான் முந்தானையைக் கடிச்சுச் சிரிப்பை அடக்கினேன். எதிரி மேல பாயச் சொல்லி அவரு ஒரு பக்கம் கை நீட்டினா எட்டு வீரனுங்களும் வேற பக்கம் ஓடினானுங்க. திருப்பித் திருப்பி எடுத்தும் இதே கதை. மனுஷனுக்குத் தாங்கல. எழுந்து நின்னு, டேய், எதிரி இங்க கீறான், அங்க இன்னாடா போய்க்கினு கீறீங்கன்னு கத்தினாரு பாரு! தகரத்தைத் தரையில இழுத்த மாதிரி குரல். படை மொத்தமும் மணல்ல வுழுந்து சிரிக்குது. அவரு முகம் சுருங்கிப் போச்சு. இனிமே வாசப்படியே தாண்ட மாட்டாருன்னு நெனச்சேன். நவ்ரீன் ஓடியாந்து கையைப் புடிச்சிக்கினு, அங்கிள், இந்தக் குரலைத்தான் தேடிக்கினு இருந்தேன், டப்பிங்கே வேணாம்னா. அவரு அவளைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, அப்புறம் அவரே சிரிச்சிட்டாரு. சத்தம் போட்டு, ஜூடி.

ஞாயித்துக்கிழமை கோயில் ஹால்ல படம் போட்டாங்க. அந்த இடம் வந்ததும் ஜனங்க நிறுத்தி மறுபடி போடச் சொன்னாங்க. இப்ப தெருப் பசங்க அவரு மாதிரி கத்திக் காட்டினா, அப்பிடி இல்லடா, வவுத்துலேர்ந்து வரணும்னு சொல்லிக் குடுக்கிறாரு.

மொளகாப் பொடி பார்சல்ல பென்டிரைவ் வெச்சிருக்கேன், பொடியோட சேர்த்துக் கொட்டிடாதே. டியூட்டி முடிஞ்சு வந்து சாப்பிடாமத் தூங்காதே, வெளிய போனா காதை மூடிக் கட்டிக்கோ. மாதா உன் கூடவே இருந்து காப்பாத்தட்டும். படம் பார்த்ததும் போன் போடு, ஆனா என் நம்பருக்கு வேணாம், நைனா நம்பருக்குப் போடு. உன்னாண்ட பேச அவருக்கு நெறைய கீதாம்.

உன் அம்மா,
அடைக்கலமேரி