இரண்டாம் பாகம் கேட்ட பேரனுக்கு

அன்புள்ள பேரனுக்குப் பாட்டி எழுதுவது. உன் கடிதம் வந்தது. எனக்கு மூட்டுவலி, மற்றபடி உயிரோடு இருக்கிறேன்.

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மா. கையில் கத்தியோடு உன் அப்பன். கட்டிலுக்கு அடியில் அணில் குஞ்சு மாதிரி ஒடுங்கி நாலு வயசில் நீ. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தையல்காரி. கத்தி இறங்கியபின் ஓடிவந்த நான். அவ்வளவுதான். இப்போது ஊரே கூட இருந்த மாதிரி பேசுகிறது, நீ எடுத்த சினிமாவின் தயவில்.

பார்த்தேன். தையல்காரிதான் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு அது மூன்றாவது தடவை. பச்சைச் சுவர், கால் ஆடும் கட்டில், எதையும் நீ விடவில்லை. என் மகளாக நடித்தவள் கழுத்துக்குக் கத்தி வந்ததும், கொறித்துக்கொண்டிருந்த வாயெல்லாம் நின்றது. வரிசையாக முன்னால் சாய்ந்தார்கள். ரத்தம் தெறித்ததும் விசில்.

பக்கத்தில் ஒரு நர்ஸ் பெண். இதைக் காசு குடுத்தா பார்க்கிறே, பயமா இல்லையா என்று கேட்டேன். பயமாத்தான் இருக்கு பாட்டி, ஆனா செத்தது நாம இல்லேன்னு வெளியே வர்றப்போ காத்து எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா என்று சிரித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அது சாயத் தண்ணீர்.

தையல்காரி நிஜத்தையே பார்த்தவள். திரும்பி வரும்போது சொல்கிறாள், அக்கா, அன்னிக்கு ஜன்னல் துணி மறைச்சிடுச்சு, இதுலதான் முழுசா பார்த்தேன் என்று. துணி மறைத்ததாம். கதவைத் தட்ட அவள் கையை எது மறைத்தது?

உன் மடியில உயிர் போறப்போ அம்மா ஏதோ சொன்னாளாமே, ஜனங்க அதைத்தான் கேக்கறாங்க, ரெண்டாம் பாகத்துக்கு எழுதி அனுப்பு பாட்டி என்கிறாய். சொன்னாள். உன்னைப் பற்றித்தான் சொன்னாள். இதைப் படிக்கையில் நீயும் முன்னால் சாய்ந்திருப்பாய். சாய்ந்தே இரு. அந்த வார்த்தை என்னோடு போகும்.

உன் அப்பனை ஜெயிலிலேயே நோய் தின்றது. நான் வெறுக்க மிச்சம் வைக்கவில்லை. தையல்காரியைத் திட்டிக்கொண்டேதான் அவளிடம் துணி தைக்கக் கொடுக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நூறு வயசு இரு. நான் மன்னிக்காத ஒரே ஆளை உன் அம்மா 'அணிலே' என்றுதான் கூப்பிடுவாள்.

பாட்டி