மோனி கழுத்தில் மிஞ்சிய செயின்

என் மோனிஷாவுக்கு, என் வாயாடித் தோஸ்துக்கு, அலைக்கு முதுகைக் காட்டி நின்று போஸ் கொடுத்தவளுக்கு,

நம் வீடியோ பக்கத்துக்கு வரும் மெசேஜ் எல்லாம் இன்னும் உன்னைத்தான் தேடுகிறது. "பச்சை நெயில் பாலிஷ் போட்ட அக்கா எங்கே?" என்று நேற்றுகூட ஒரு பெண் கேட்டிருந்தாள். பதிலை டைப் பண்ணி டைப் பண்ணி அழித்தேன். காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் நீ போய்விட்டாய். நாலு மாதம் ஆகிறது. கவரிங் நகை பற்றி ஊருக்கே பாடம் எடுத்த இரண்டு பேரில் இப்போது ஒருத்திதான் மிச்சம் என்று எப்படி டைப் பண்ணுவது?

அதைவிடப் பெரிய பேஜாரு ஒன்று இருக்கிறது மோனி. செயின் சிவக்க ஆரம்பித்துவிட்டது.

எந்தச் செயின் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்று உனக்கு வாங்கிக் கொடுத்த கோதுமைச் செயின், அசல் தங்கம். அதை வாங்கி வைத்துக்கொண்டு, அதே நீளம், அதே பின்னல், பித்தளையில் ஒன்று செய்யவைத்தேன். எம்.கே.பி. நகர் முலாம் பட்டறை அண்ணனிடம் உட்கார்ந்து நானே நிறம் பார்த்தேன். முலாம் போடும்போது பித்தளைக்கும் தங்கத்துக்கும் நடுவில் நிக்கல் ஒரு பூச்சு கொடுப்பார்கள். அது இல்லாவிட்டால் பித்தளையில் இருக்கும் செம்பு மெல்ல மெல்ல மேலே ஏறி வந்துவிடும். உனக்கு நிக்கல் பட்டால் கழுத்தெல்லாம் தடித்துப்போகும், ராவெல்லாம் சொறிவாய். அதனால் "நிக்கல் வேணாண்ணா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, போன்ல பாத்து படிச்சிகினு வந்தியா? நிக்கல் இல்லாங்காட்டி சீக்கிரம் வெளுத்துடும். அப்பால எங்கிட்ட வந்து சண்ட போடக்கூடாது."

ஆமாண்ணா, போனில் பார்த்துத்தான் படித்தேன். எனக்கு வாத்தியார் யாரு இருந்தார்?

இரண்டு செயினையும் உன் கழுத்தில் போட்டு, திருவொற்றியூர்ப் பாறைமேல் நிற்கவைத்து, காலை வெயிலில் வீடியோ எடுத்தோம். 'எது தங்கம், எது கவரிங்?' கண்டுபிடிக்கிறவர்களுக்கு ஜிமிக்கி பரிசு. அந்த யோசனை வந்த நாளில் நான் எப்படிக் குதித்தேன், ஞாபகம் இருக்கிறதா?

"கொஞ்சம் பின்னால போ மோனி, கடல் தெரியல. இன்னொரு டேக்."

"இன்னும் பின்னால போனா கடலுக்குள்ளதான் கீறேன். போதுமாடி?"

அலை வந்து உன் தலைக்கு மேல் அடித்தது. நனைந்த கோழி மாதிரி நின்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்புறம்தான் உன் கழுத்தைப் பார்த்தேன். ஒரு செயின்தான் இருந்தது.

"ஏய், ஒண்ணுதான்டி கீது!"

உனக்கு அப்போதும் குறும்புதான். கேமராவைப் பார்த்துக் கையை விரித்தாய். "சொல்லுங்க மக்களே, எது போச்சு? தங்கமா, கவரிங்கா?"

கண்ணால் பார்த்து எனக்கும் தெரியவில்லை. அவ்வளவு நல்ல முலாம். நீ கழற்றி என் உள்ளங்கையில் போட்டாய். ஒரே அளவு பித்தளையைவிடத் தங்கம் இரண்டு மடங்கு கனம் என்று எத்தனை வீடியோவில் கத்தியிருப்பேன். கையில் விழுந்ததுமே தெரிந்துவிட்டது. அது கனக்கவே இல்லை.

பாறை இடுக்கெல்லாம் கைவிட்டுத் தேடினோம். நண்டுதான் கடித்தது. அம்மாவிடம் சொல்லப் பயந்து, அன்றிலிருந்து நீ பித்தளையைப் போட்டுக்கொண்டாய். பின்கழுத்தில் பச்சைக் கோடு விழும்போதெல்லாம் பாலிஷ் போடுகிறோம் என்று சொல்லி, பட்டறைக்குக் கொண்டுபோய் மறுபடி முலாம் போட்டு வந்தேன். நாம் செம கில்லாடிகள் என்று நினைத்துக்கொண்டேன். கடலில் போனது அம்மாவின் எத்தனை வருஷம் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

ஆஸ்பத்திரியில் உன் உடம்பிலிருந்து எடுத்ததை ஒரு கவரில் போட்டு, சீட்டும் கொடுத்தார்கள். 'மஞ்சள் உலோகச் சங்கிலி ஒன்று' என்று எழுதியிருந்தது. தங்கமா இல்லையா என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். யார் நகையானாலும் அப்படித்தான் எழுதுவார்கள். தப்பித்தோம் என்று தோன்றியது, மோனி. நீ உள்ளே படுத்திருக்கிறாய், எனக்கு அப்படித் தோன்றியது.

அம்மா செயினை உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். "இன்னாடி யசோ இது, லேசா கீது? அவள மாதிரியே இதுவும் எளச்சிப்போச்சா?"

நான் சீட்டை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

அம்மா அதை அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டார். கழற்றவே இல்லை. ஐஸ் தண்ணீர், உப்பு, வேர்வை, மீன் கழுவுகிற கை. ஒவ்வொரு முறை வீட்டுக்குப் போகும்போதும் அவர் முகத்தைப் பார்க்கும் முன்பே கழுத்தைத்தான் பார்ப்பேன். இரண்டாம் மாதம் பளபளப்பு போனது. மூன்றாம் மாதம் கொக்கிப் பக்கம் செம்பு எட்டிப் பார்த்தது. இரண்டு முறை "பாலிஷ் போட்டுத் தரேம்மா" என்றேன். "அவ வேர்வ கீதுடி இதுல" என்று கையால் மூடிக்கொண்டார். முலாம் ஏன் போகிறது, எப்படிப் போகிறது, எல்லாம் தெரியும். எதையும் நிறுத்தத் தெரியவில்லை.

போன வியாழக்கிழமை போனபோது செயின் மேஜைமேல் கிடந்தது. பக்கத்தில் அந்தச் சீட்டு.

"பாத்தியா யசோ? என் பொண்ணு செயின ஆஸ்பத்திரில மாத்திட்டாளுங்க. அந்த ஆயாதான் கழட்னா, நான் கண்ணால பாத்தேன். தங்கம்னு எழுதாம மஞ்சள் உலோகம்னு எழுதிக்கீறானுங்க. அப்பவே பிளான் பண்ணிட்டானுங்கடி! திங்கக்கெழம போறேன். அவ வேலைய புடுங்காம வரமாட்டேன்."

எந்த ஆயா தெரியுமா? நீ கண் திறக்காமல் கிடந்த மூன்றாம் நாள், சிக்குப் பிடித்த உன் தலையை வலிக்காமல் வாரி, ரெட்டைச் சடை போட்டாரே, அவர்.

அத்தனையும் சொன்னேன். பாறை, அலை, முலாம், எல்லாம். அம்மா செயினை எடுத்துச் சீட்டின்மேல் வைத்தார்.

"யாருக்குடி வக்காலத்து வாங்குற? என் பொண்ணு எங்கிட்ட ஒண்ணியும் மறைக்க மாட்டா."

"இல்லம்மா, இது பித்தளைம்மா. கனத்த பாரு. கொக்கியில முத்திர இல்ல பாரு. நிக்கல் போடாததால செம்பு மேல வந்துடுச்சும்மா..."

"ஆமாண்டி, பித்தளதான். அதத்தானே நானும் சொல்லிகினு கீறேன்!"

நான் கற்ற பாடம் எல்லாம் அந்த ஆயாவுக்கு எதிராகவே சாட்சி சொன்னது, மோனி. என்னிடம் இருந்த வித்தை அத்தனையும் காட்டிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் அம்மா தலையை ஆட்டி ஆட்டி, இன்னும் உறுதியானார்.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். அந்த வீடியோ. நாம் போடாமலே விட்டது, என் போனில் அப்படியே இருக்கிறது. நீ போன பிறகு ஒரு முறைகூட அதை ஓட்டியதில்லை. விரல் அதன்மேல் போகும், திரும்பி வந்துவிடும். ஆனால் அதில் இருப்பது எனக்கு மனப்பாடம்.

செயின் போனது தெரிந்த பிறகும் நீ ஒரு தடவை சிரிப்பாயே, அதுதான் என்னைக் கொல்கிறது. "மீன் செவுளப் பாத்தா எத்தினி நாள் ஐஸ்ல கெடந்துச்சுன்னு சொல்லிடும் எங்கம்மா. செயினப் பாத்து ஒண்ணியும் சொல்லாது. கம்முனு போட்டுக்கறேன், வுடு." நாலு மாதம் கழித்து உன் அம்மா உன் குரலைக் கேட்கப்போகிறார், முதலில் கேட்பது இதுவா? அதை மட்டும் வெட்டிவிடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். வெட்டத் தெரியும், ஒட்டியது தெரியாமல் ஒட்டவும் தெரியும். ஒரு பூச்சுப் பூசி ஏமாற்றியது போதாதா?

அதற்கப்புறம் என் கை கேமராவை மூடிவிட்டது. படம் கறுப்பு. உன் மூக்கு உறிஞ்சுகிற சத்தம், அலைச் சத்தம், அப்புறம் நீ: "அம்மாகிட்ட நானே சொல்லிடறேன் யசோ. கொஞ்ச நாள் போவட்டும்."

கொஞ்ச நாள் போய்விட்டது, மோனி.

இன்றைக்கு ஞாயிறு. மார்க்கெட் முடித்து வந்து அம்மா தூங்குகிறார். நான் உன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இதை நம் பக்கத்தில் போடுவேன், ஆனால் அம்மா வீடியோவைப் பார்த்த பிறகு. பார்த்துவிட்டு என்னை அடிப்பாரா, போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வாரா, இனி இந்த வாசலை மிதிக்காதே என்பாரா, எனக்குத் தெரியாது.

உள்ளே பாய் சுருட்டுகிற சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டார்.

முழுசாகக் காட்டுவேன். "இன்னொரு டேக்" என்று நான் கத்துவதிலிருந்து, நீ சிரிப்பதும், கறுப்பில் நீ பேசுவதும், ஒரு நொடி வெட்டாமல். சத்தியம்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
உன் அம்மாவிடம் நீ சொல்லவிருந்ததைச் சொல்லப்போகும்
யசோதரா